இரண்டு மணிச் சாப்பாடு: டெல்டா மெஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மதியச் சாப்பாடு போடும் மெஸ் முதலாளிகள், சரக்கு மாஸ்டர்கள், பரிமாறுகிறவர்கள்.

வணக்கம்.

பன்னிரண்டரை மணிக்கு உங்கள் கடையில் இலை போட்டு உட்காருகிறவருக்காக நாங்கள் பேச வரவில்லை. அவருக்கு ஒரு குறையும் இல்லை. சோறு உதிரியாக விழுகிறது, சாம்பாரில் முருங்கைக்காய் முழுசாகக் கிடக்கிறது, ரசம் வாளியில் வரும்போதே மிளகு மணக்கிறது. அதே கடையில் அதே காசு கொடுத்து டோக்கன் வாங்கி இரண்டு மணிக்கு உட்காருகிறவரைப் பற்றித்தான் இந்த மடல். அவர் இலைக்கு வருவது அடியில் நசுங்கிய சோறு, வெந்நீர் ஊற்றி நீட்டிய சாம்பார், கொதித்துக் கொதித்துக் கசந்த ரசம், நமுத்த அப்பளம், புளித்த தயிர். கூட்டு எங்கே என்று கேட்டால், "முடிஞ்சிருச்சு சார்."

உங்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டரை மணிச் சோற்றை அப்படிப் போடுகிற கைக்கு இரண்டு மணிச் சோற்றையும் போடத் தெரியும். பதினொன்றரைக்குள் மொத்தச் சமையலையும் இறக்கி வைத்துவிட்டு, அதையே மூன்றரை வரைக்கும் ஓட்டுகிற வழக்கம்தான் கெடுக்கிறது. இந்த மடலை எழுதுகிறவர்களில் சிலர் சமையற்கட்டில் கரண்டி பிடித்தவர்கள், மற்றவர்கள் இலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள். இரு தரப்பும் சேர்ந்து கேட்பது ஒன்றுதான்: சோற்றை மூன்று ஈடாக, அதாவது மூன்று தடவையாக வடியுங்கள், சாம்பார், கூட்டு, பொரியலை இரண்டு ஈடாக இறக்குங்கள், ரசத்தை வாளிக்கு வாளி முடியுங்கள். மற்றதெல்லாம் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான்.

இரண்டு மணிக்கு வருகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். நேரம் தப்பி வருகிற சோம்பேறி அல்ல அவர். டிரிப் முடித்து வண்டியை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வரும் டிரைவர், கண்டக்டர். குறுவை, சம்பா அறுவடைக் காலத்தில் நேரடி கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருபவர்கள், அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்கள். திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வரும் கூட்டம். அப்புறம் நவக்கிரக யாத்திரைக்காரர்கள். பெரும்பாலான கோயில்களில் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தப் பன்னிரண்டு, பன்னிரண்டரை ஆகும். திரும்பத் திறப்பது நாலு மணிக்கு. திருநாகேஸ்வரத்திலோ கஞ்சனூரிலோ கடைசித் தரிசனம் பார்த்தவர், குழந்தை குட்டிகளை வேனில் ஏற்றிக் கும்பகோணம் வந்து சேர ஒன்றரை ஆகிவிடும். டெல்டாவில் பிந்திய பந்தியே பெரிய பந்தியாகிற நாட்கள் நிறைய உண்டு. 2028-இல் மகாமகம் வேறு வருகிறது. இப்போதே பழகிக்கொண்டால் கும்பகோணத்துக்காரர்களுக்கு அப்போது திணறல் இருக்காது.

இனி சோறு. இதை மட்டும் நீட்டித்தான் சொல்லப் போகிறோம், ஏனென்றால் சோறு சரியாக இருந்தால் மற்றதில் பாதியை மன்னித்துவிடலாம்.

நூறு சாப்பாட்டுக்குப் புழுங்கல் அரிசி 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூட்டை தூக்குகிறவர்கள் அதிகம் வருகிற கடை என்றால் 20 கிலோ. இந்த 18 கிலோவையும் ஒரே தேக்சாவில் வடித்து நிறுத்தினால் மூன்று கேடு நேர்கிறது. மேல் சோற்றின் கனத்தில் அடிச்சோறு நசுங்குகிறது. நடுவில் சிக்கிய சூடு வெளியே போக வழியில்லாமல் பருக்கையை மேலும் வேகவைக்கிறது. பதினொன்றரைக்குச் சரியான பதத்தில் வடித்த சோறு ஒரு மணிக்குக் குழைந்திருப்பது இதனால்தான். மூன்றாவது, மூடியின் உட்புறம் கோத்த நீராவி சொட்டி மேல்சோறு நீர்விட்டுப் போகிறது, ஓரமோ காய்ந்து விறைக்கிறது. ஒரே பாத்திரத்தில் மூன்று வகைச் சோறு!

18 கிலோவை 8, 6, 4 என்று பிரியுங்கள். கிலோவுக்கு 5 லிட்டர் உலைநீர். அரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவைத்திருந்தால், கொதிக்கிற உலையில் போட்டதிலிருந்து 8 கிலோ ஈடு வடிக்க 35 முதல் 40 நிமிடம் பிடிக்கும். 4 கிலோ ஈடு அரை மணியில் முடியும். முதல் ஈட்டை 10.50-க்குப் போட்டால் பதினொன்றரைக்கு வடியும். இரண்டாவது 12.35-க்குப் போட்டு 1.15-க்கு. மூன்றாவது 1.20-க்குப் போட்டு 1.50-க்கு. இதற்குத் தேவை ஒரு பர்னரும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்தான். பெரிய மாஸ்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டாலும் கவலையில்லை, வடிக்கத் தெரிந்த உதவியாள் போதும்.

பதம் பார்க்கும்போது ஒரு சின்ன வித்தியாசம். உடனே பரிமாறப் போகிற ஈடு என்றால், விரலில் நசுக்கிய பருக்கையின் நடுவில் வெள்ளைப் புள்ளி முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் நிற்கப் போகிற ஈடு என்றால், ஊசிமுனை அளவு புள்ளி இருக்கும்போதே வடித்துவிடுங்கள், மீதி உட்சூட்டில் வெந்துவிடும். வடித்ததும் சோற்றைப் பாத்திரத்திலேயே விடாமல் அகலமான சிப்பலிலோ தாம்பாளத்திலோ ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஆவி அடங்கியதும் சுத்தமான உலர்ந்த வேட்டித் துணியைப் போட்டு, அதன் மேல் மூடி. சொட்டுகிற நீரைத் துணி வாங்கிக்கொள்ளும். துணியை ஈட்டுக்கு ஈடு மாற்ற வேண்டும். ஈரத்துணி போட்டால் போடாததைவிட மோசம். அன்னவெட்டியை நடுவில் குத்திக் கிளறக் கூடாது. ஓரத்திலிருந்து செங்குத்தாக வெட்டி எடுத்தால் பருக்கை உடையாது.

செய்யக் கூடாதது: மீந்த முதல் ஈட்டை இரண்டாவது ஈட்டில் கொட்டிக் கிளறுவது. பழைய சோறு சூடேறாது, புதுச் சோறு ஆறிப்போகும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மீந்ததை முதலில் பரிமாறி முடியுங்கள், பிறகு புது ஈட்டைத் திறங்கள்.

வெதுவெதுப்பாகச் சோற்றை நிறுத்தி வைப்பது ருசிக் குற்றம் மட்டுமல்ல. பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதை கொதிநீரிலும் சாகாது. சோறு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சித்திரை வெயிலில் பதினொன்றரைச் சோற்றை மூன்று மணிக்குப் போடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான். சோற்றின் நடுவில் செருகிப் பாருங்கள், 60-க்கு மேல் நின்றால் நிம்மதி.

அரிசி விஷயத்தில் இன்னும் இரண்டு வார்த்தை. தை, மாசியில் சம்பா அறுவடையாகிப் புது அரிசி மலிவாக வரும்போது மூட்டை மூட்டையாக வாங்கி உடனே உலையில் போட்டுவிடுகிறார்கள். புது அரிசி பசை விடும், மதியம் தாண்டினால் கட்டி கட்டும். குறைந்தது ஆறு மாதம் கிடந்த அரிசிதான் மெஸ்ஸுக்கு லாயக்கு. அப்போது வாங்குவதை அடுக்கி வைத்துவிட்டு, ஆவணிக்குப் பிறகு எடுங்கள். புதுசைத்தான் போட்டாக வேண்டுமென்றால் ஊறவைக்கும் நேரத்தைக் குறைத்து, உலைநீரைக் கிலோவுக்கு 6 லிட்டராக்கி, கொஞ்சம் முன்னதாக வடியுங்கள். இன்னொன்று: சீக்கிரம் வேக வேண்டுமென்று உலையில் சோடா உப்புப் போடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சோறு மஞ்சள் தட்டும், ஒரு வாடை வரும், தயாமின் சத்தும் அழிந்துவிடும். அரைமணி ஊறல் இருந்தால் சோடாவுக்கு வேலையே இல்லை.

ரசத்துக்கு வருவோம். இரண்டு மணி ரசம் ஏன் கசக்கிறது? பருப்புத் தண்ணீர் விட்ட பிறகு ரசம் கொதிக்கவே கூடாது. நுரை கட்டி எழும்பியதும் இறக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியும், வீட்டில் அப்படித்தான் செய்கிறீர்கள். கடையில் 15 லிட்டர் ரசத்தை முழுசாக முடித்து, ஆறிவிடக் கூடாதென்று சிம்மில் நிறுத்துகிறீர்கள். இரண்டரை மணி நேரம் அது முனகிக்கொண்டே கிடக்கிறது. மிளகு சீரகத்தின் மணம் ஆவியோடு போய்விடுகிறது, காரமும் கசப்பும் மட்டும் நிற்கின்றன. தண்ணீர் சுண்டிப் புளிப்பும் உப்பும் ஏறுகின்றன. அதைச் சமாளிக்க ஒரு சொம்பு வெந்நீர். பிறகு சப்பென்று ஆனதைச் சமாளிக்க ஒரு கைப்பிடி ரசப்பொடி. இலைக்கு வரும்போது அதில் பொடி வாடைதான் மிச்சம்.

வழி இருக்கிறது. புளிக்கரைசல், தக்காளி, பெருங்காயம், மஞ்சள்தூள், உப்பு இவற்றைப் பச்சை வாசனை போகக் கொதிக்கவைத்துக் காலையிலேயே வைத்துவிடுங்கள். இந்த அடிச்சாறு எத்தனை மணி நேரம் சூட்டில் நின்றாலும் பெரிதாகக் கெடாது. பருப்புத் தண்ணீரைத் தனியே சூடாக வையுங்கள். மிளகு, சீரகம், பூண்டை ஒன்றிரண்டாகத் தட்டி மூடி வையுங்கள். ஐந்து லிட்டர் ரசத்துக்குப் புளி 100 கிராம், தக்காளி அரை கிலோவுக்குச் சற்று மேல், வேகவைத்துக் கரைக்கத் துவரம்பருப்பு 150 கிராம், மிளகு 20, சீரகம் 20, பூண்டு 40, உப்பு 50 கிராம் அளவில். ஐந்து லிட்டர் முப்பது பேருக்கு வரும். ஒரு வாளி தீரும் நிலைக்கு வந்ததும் அடுத்த ஐந்து லிட்டரை எடுத்து, பருப்புத் தண்ணீர் விட்டு, தட்டியதைப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் கடுகு கறிவேப்பிலை தாளித்து, மல்லித்தழை தூவி மூட ஆறேழு நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று தடவையோ நான்கு தடவையோ அந்த வாசம் கடைக்குள் எழும்பும். கைகழுவப் போனவர் திரும்பி வந்து இன்னொரு கரண்டி கேட்பார்.

ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற கடைகளுக்கு ஒரு எச்சரிக்கை. சொம்பு வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்த மலிவுச் சொம்பில் புளி ரசம் கொதித்தால் அதில் இறங்குவது விஷம். சந்தேகமிருந்தால் எவர்சில்வர் போதும். வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பதைப் புதுப் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்.

சாம்பாரின் கோளாறு வேறு மாதிரி. நிற்க நிற்கப் பருப்பு இறுகும். இறுகியதை இளக்க வெந்நீர், வெந்நீரால் குறைந்த உப்புக்கு உப்பு, குறைந்த காரத்துக்குப் பச்சை மிளகாய்த்தூள் என்று ஒன்றை ஒன்று துரத்தும். காய் வேறு கரைந்துவிடும்; கத்திரியும் பரங்கியும் ஒன்றரை மணிக்குள் காணாமல் போய்விடும். நூறு பேருக்கு 3 கிலோ துவரம்பருப்பு வேகவைத்தால், மசித்ததில் ஒரு கிலோ பருப்பின் பங்கை உப்புப் போடாமல் எடுத்து வையுங்கள். காயிலும் மூன்றில் ஒரு பங்கை நறுக்கித் தண்ணீர் போகாமல் மூடி வையுங்கள். ஒரு மணிக்கு முதல் குண்டான் கால்வாசிக்கு வந்ததும் இந்தக் காயைப் புளித்தண்ணீரில் வேகவிட்டு, சாம்பார்ப்பொடி போட்டுக் கொதித்ததும் எடுத்துவைத்த பருப்பைச் சேர்த்து, புதுத் தாளிப்புப் போட்டு இறக்குங்கள். கெட்டியாக்க அரிசிமாவு கரைத்து விடுகிற கடைகள் தயவுசெய்து நிறுத்துங்கள். மாவுச் சாம்பார் முதலில் கோந்து போல இருக்கும், அரை மணியில் தண்ணீர் தனியே பிரிந்து இலை முழுக்க ஓடும்.

வெண்டைக்காய் போட்ட சாம்பாரைப் பிந்திய பந்திக்கு வைக்காதீர்கள். முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும்தான் நின்று தாங்கும்.

எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்கவும் வேண்டாம். வத்தக்குழம்பு நிற்க நிற்கத்தான் சேரும். காலை ஒன்பதுக்கே நல்லெண்ணெய் மிதக்க மொத்தமாக இறக்கிவிடுங்கள். சுண்டைக்காய், மணத்தக்காளி வத்தலை மட்டும் தனியே வறுத்து வைத்துக்கொண்டு பாதியைக் காலையிலும் மீதியை ஒரு மணிக்கும் சேர்த்தால் கடைசி இலைக்கும் கடிக்க ஏதாவது கிடைக்கும். மீன் குழம்பும் அப்படித்தான், இரண்டு மணிக்குத்தான் அதன் புளியும் உப்பும் மீனுக்குள் இறங்கியிருக்கும். வறுவல் மட்டும் சுடச்சுட. அசைவக் கடைகளுக்கு இன்னொரு வார்த்தை: நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் ஐஸ் மீனை வஞ்சிரம் என்று அந்த விலைக்கே போடாமல், வளர்ப்புக் கட்லாவோ ரோகுவோ எது கிடைத்ததோ அதன் பெயரைப் பலகையில் எழுதிப் போடுங்கள். சாப்பிடுகிறவர் ஏற்றுக்கொள்வார்.

மோர்க்குழம்பைத் திரும்பச் சூடு பண்ணினால் திரியும். தேவையானால் குண்டானைக் கொதிநீர் நிரப்பிய அகல அண்டாவுக்குள் இறக்கி வையுங்கள். சாம்பாருக்கும் கூட்டுக்கும் இதே ஏற்பாடுதான் நல்லது: அண்டாவுக்கு அடியில் சின்னத் தீ, உள்ளே நான்கு குண்டான். அடி பிடிக்காது, சுண்டாது, சூடும் இறங்காது. தனித்தனியே நான்கு அடுப்பு எரிவதற்கு இது ஒன்று எரியும். இரண்டாவது உலைக்குக் கூடுதல் கேஸ் ஆகுமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகும்தான். ஆனால் பதினொன்றரையிலிருந்து மூன்று வரை சாம்பாரும் ரசமும் சிம்மில் குடிக்கிற கேஸை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. ஒரு வாரம் பழைய முறையிலும் ஒரு வாரம் இந்த முறையிலும் ஓட்டி, 19 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று சுவரில் எழுதிப் பாருங்கள்.

தேங்காய் அரைத்த கூட்டுதான் வெயில் காலத்தில் முதலில் ஊசுவது. காலையில் பருப்பும் காயும் வெந்த கூட்டைத் தேங்காய் இல்லாமல் இரண்டு பாத்திரமாக வையுங்கள். முதல் பாதிக்குத் தேங்காய் சீரகம் அரைத்து ஊற்றி ஒரு கொதி. இரண்டாம் பாதிக்கு ஒரு மணிக்குப் புதிதாக அரைத்து ஊற்றி ஒரு கொதி. பொரியலை மூடி போட்டு அடைக்காதீர்கள். அவரையும் கொத்தவரையும் நிறம் செத்துப் பழுப்பாகிவிடும். உப்பு முழுவதையும் முதலிலேயே போட்டால் காய் நீர் விட்டுக்கொண்டே இருக்கும். வாழைத்தண்டு, கீரை வைக்கிற நாளில் அளவாகச் செய்து, தீர்ந்தால் தீர்ந்தது என்று விட்டுவிடுங்கள். பதிலுக்கு வாழைக்காயோ உருளையோ ஒரு வறுவல், பத்து நிமிட வேலை.

தயிர் புளிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் உறை. வீட்டுப் பழக்கத்தில் கரண்டி கரண்டியாக உறை ஊற்றி ராத்திரி எட்டு மணிக்கே வைத்துவிட்டால் விடிவதற்குள் உறைந்து, மதியம் வரை புளித்துக்கொண்டே போகும். கோடையில் லிட்டருக்கு அரை டீஸ்பூன் உறை போதும். பத்து மணிக்கு மேல் ஊற்றுங்கள். உறைந்ததும் பாதியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஒன்றரைக்கு மேல் வெளியே எடுங்கள். முதல் பாதியில் மீந்த புளித்தயிரை இரண்டாவதில் கலக்கக் கூடாது, அதற்கு மோர்க்குழம்பு இருக்கிறது.

அப்பளம் முப்பது முப்பதாகப் பொரியுங்கள், மூடி இறுகிய டின்னில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாகப்பட்டினம் பக்கம் பொரித்த கால்மணியில் நமுத்துவிடும், அங்கே இருபது இருபதாக. எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம்: மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருட்கள், 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கருவி இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. நிறம் கறுத்து, நுரை அடங்காமல், கையில் பிசுக்கென்று ஒட்டினால் அந்த எண்ணெய் முடிந்தது. அதில் புது எண்ணெய் ஊற்றி ஆயுளை நீட்டாதீர்கள்.

இலையும் பிந்தியவரை ஏமாற்றுகிறது. நல்ல நுனி இலையெல்லாம் முதல் இரண்டு பந்தியில் போய்விடும். பிறகு வருபவருக்குக் கிழிந்த ஏடு, அதிலும் வாடியது. வாடிய இலையில் சூடான சோறு விழுந்ததும் நரம்போரம் பிளந்து ரசம் மேசைக்கு ஓடும். கட்டை அவிழ்த்ததும் எண்ணி, முப்பது நல்ல இலையை ஈரச் சாக்கில் சுற்றி, காம்பு கீழே இருக்க நிழலில் நிறுத்தி வையுங்கள். மாலை வரை விறைப்பாக இருக்கும். முகூர்த்த நாட்களில் இலை விலை ஏறிவிடுகிறது, உண்மைதான். அதற்காகப் பிளாஸ்டிக் தாளை விரிக்காதீர்கள். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் தட்டில் சின்ன ஏட்டை வெட்டிப் போட்டுப் பரிமாறினால் ஒரு குறையும் இல்லை. முகூர்த்த நாளில் உங்கள் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள் என்பதையும் அரிசி அளக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மூன்றாம் ஈட்டை நிறுத்திவிடலாம்.

அடுத்தது கல்லா. எங்களுக்கு வரும் கோபத்தில் பெரும்பங்கு சமையற்கட்டில் பிறப்பதல்ல, கல்லாவில் பிறப்பது. உள்ளே சோறு அடி தட்டுகிறது, வெளியே டோக்கன் கிழிந்துகொண்டே இருக்கிறது. அல்லது ஒன்றே காலுக்கு ஒரு ஆபீசிலிருந்து நாற்பது பார்சல் ஆர்டர் வருகிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் கூட்டையும் பொரியலையும் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். பார்சலைப் பதினொன்றரைக்குள் சொல்பவருக்கு மட்டும் என்று வையுங்கள், அதற்கான அளவை முதல் ஈட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டு வாசலில் ஒரு சிலேட்டு மாட்டி, தீர்ந்த பதார்த்தத்தை உதவியாள் எழுத, அதைப் பார்த்து டோக்கன் கொடுக்கிறவர் காசு வாங்குவதற்கு முன்பே சொல்லட்டும்: "கூட்டு முடிஞ்சிருச்சு, பதிலுக்கு அவியல் இருக்கு, சரியா?" இந்த ஒரு வாக்கியம் கேட்டுவிட்டு உட்காருகிறவர் சண்டை போட மாட்டார். இரண்டு பதார்த்தம் இல்லையென்றால் டோக்கனில் பத்து, இருபது ரூபாய் குறையுங்கள். சோறு தீர்ந்தால் இரண்டரைக்கே பலகையைத் திருப்பிவிடுங்கள். "சாப்பாடு தயார்" என்று பலகை சொல்ல, உள்ளே தக்காளி சாதம் எடுத்து வந்து வைப்பது நியாயமில்லை.

பரிமாறுகிறவர்களுக்கும் ஒன்று. பின்பந்தி ஆட்களுக்குக் கால் வலிக்கும் நேரம் அது, தெரியும். அதற்காகச் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் நான்கையும் கிண்ணத்தில் ஊற்றி ஒரே தடவையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குழம்புக்குப் பிறகு சாப்பிட வேண்டிய ரசம் அதற்குள் ஆறிவிடும். பருப்பும் நெய்யும் போட்டதும் ஒரு சுற்று, குழம்புக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. நான்கு சுற்று வந்தால் இரண்டாவது சோறு எவ்வளவு வேண்டும் என்று கேட்டுப் போட முடியும். இலையில் வீணாவது குறையும். கேட்காமல் குவிக்கிற சோற்றில் கால்வாசி எச்சிலையோடு போகிறது.

மூன்றே காலுக்கு மீந்த சோறு இருந்தால் அதை ராத்திரி ஃப்ரைடு ரைஸுக்கென்று அப்படியே மூடி வைக்காதீர்கள், மேலே சொன்ன கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. உடனே தட்டில் பரப்பி ஆறவிட்டு, கைபடாமல் மண்பானையில் போட்டு, நல்ல தண்ணீர் மூழ்க ஊற்றுங்கள். காலை ஏழு மணிக்குப் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாய் என்று போட்டால் வயலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிறவர்கள் வாங்குவார்கள். பானை மதியத்தைத் தாண்டக் கூடாது.

தொடங்குவதற்குத் திங்கள் வேண்டாம், கலெக்டர் ஆபீஸ் கூட்டம் இருக்கும். சனி வேண்டாம், திருநள்ளாறு போகிற வண்டிகள் இந்த வழியாகத்தான் வரும். அமாவாசையும் வேண்டாம், வெங்காயம் பூண்டு இல்லாமல் கேட்பவர்கள் அன்று அதிகம். முகூர்த்தம் இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். முதல் நாள் சோற்றை மட்டும் பிரியுங்கள், ரசத்தை அடுத்த வாரம். ஒன்றே முக்காலுக்கு மாஸ்டரே ஓர் இலை போட்டு, வாடிக்கைக்காரர் வரிசையில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர் என்ன வைக்கிறாரோ அதைச் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு மணிக்கு மேல் டோக்கன் வாங்குகிறவர்களும்,
அவர்களுக்குச் சமைத்துப் போட்ட சிலரும்.